ஆறு அணி சேர்ந்தால்தான் வயல்

“வடுகபட்டிக்காரன் வாரான்னு உனக்கு யாருலே சொன்னது? அவன்கிட்ட ஜீப்பே கிடையாதாம்!”

“வாங்குவாக ராக்கையாண்ணே, வாங்குவாக. பந்தயத்துக்கு இன்னும் நாள் கெடக்குல்ல?”

“ஜீப் வாங்கி, டயர் மாத்தி, ஓட்டப் படிச்சு, சித்திரைக்குள்ள வந்துருவான்? எம்மச்சினன் அங்கன பூண்டுச் சந்தையிலதான் இருக்கான். கேட்டா சிரிக்கிறான்ல! என்னையக் கேனப்பயலா ஆக்கிட்டியேலே!”

கே.கே.பட்டி என்கிற காமயகவுண்டன்பட்டியில், ஜீப் ஸ்டாண்டு டீக்கடையில் ராக்கையா போட்ட இந்தச் சத்தம், நாலு வீடு தள்ளிப் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தவர்களைக்கூட வாசலுக்கு இழுத்து வந்துவிட்டது. எங்கள் தெருவில் யாரும் ஒட்டுக்கேட்பதில்லை. சத்தம் வரும் பக்கமாகக் கோலப்பொடி தேடுவோம், அவ்வளவுதான்.

விஷயம் இதுதான். போன சித்திரையில் ராக்கையாவின் வயலில் ஜீப் பந்தயம் நடந்தது. அறுப்பு முடிந்த வயலில் கிணற்றுத் தண்ணீரைப் பாய்ச்சி, டிராக்டரை விட்டுக் குழப்பி, அந்தச் சேற்றில் ஜீப்புகளை வளைத்து வளைத்து ஓட்டுவது. மலைக்கு அந்தப்பக்கம் கேரளாவில் இதைப் பார்த்துவிட்டு வந்த ஜீப்காரர்கள், நாமும் ஒரு கை பார்க்கலாம் என்று ஆரம்பித்தார்கள். வந்தது மொத்தம் நாலு அணி. கூட்டம் மட்டும் திருவிழாக் கணக்காக வந்து, ராக்கையாவின் வரப்பையெல்லாம் மிதித்துத் தீர்த்துவிட்டது.

அதனால் ராக்கையா இந்த வருஷம் ஒரு நிபந்தனை போட்டார். ஆறு அணி வருகிறது என்று தை அறுப்புக்குள் உறுதியாகத் தெரிந்தால் வயலைச் சும்மா போடுவார். இல்லையென்றால் வாழை வைத்துவிடுவார். வாழை வைத்துவிட்டால் அடுத்த ஒரு வருஷத்துக்கு அந்த வயலில் ஜீப் இல்லை, கோழி ஓடவும் வழி கிடையாது.

அன்றிலிருந்து ஊருக்கு வேறு பேச்சே இல்லை. அடுத்த பந்தயத்துக்கு யார் யார் வருவார்கள்? கம்பம் ஒர்க்‌ஷாப்காரர்கள் வருவார்கள், அவர்களுக்கு வேறு வேலை என்ன. சின்னமனூர் வாழைக்காய் மண்டிக்காரர்கள் பாதி மனதில் இருக்கிறார்களாம். போடி அணியின் டிரைவர் கம்பம் அணிக்குத் தாவப்போகிறானாம், அவன் பெண்டாட்டி கம்பத்துக்காரியாம். குமுளி அணி புது டயர் இறக்கியிருக்கிறதாம். சொந்த வண்டியில் முன்பக்க டயர் வழுக்கையாக இருப்பதைப் பார்க்காதவர்கள், குமுளிக்காரன் டயரில் எத்தனை பட்டை என்று துல்லியமாகச் சொன்னார்கள்.

எல்லாரையும்விட நிச்சயமாகச் சொன்னவர் எங்கள் ஊர் அணியின் ஆரோக்கியசெல்வம். ஆறும் உறுதி என்று ராக்கையாவிடம் விரல்விட்டு எண்ணிக் காட்டியிருந்தார். அதில் வடுகபட்டி என்ற விரல் பொய் விரல் என்று இப்போது தெரிந்துவிட்டது.

ஆரோக்கியசெல்வத்தைக் குறை சொல்வதிலும் நியாயம் இல்லை. அவர் தொழிலே அப்படி. விடியற்காலையில் ஏலத்தோட்ட வேலைக்குப் பெண்களை ஏற்றிக்கொண்டு மலையேறுகிற ஜீப் அவருடையது. காலி வண்டியில் ஒருத்தியும் ஏறமாட்டாள். எப்போது நிரம்பி எப்போது எடுப்பானோ என்று அடுத்த வண்டிக்குப் போய்விடுவாள். அதற்காகவே தன் மைத்துனர் ஞானசிகாமணியை முன்சீட்டில் உட்கார்த்தி வைப்பார். ஞானசிகாமணி சார் பள்ளிக்கூடத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், மனைவியும் போய்ச் சேர்ந்தாயிற்று. மடியில் தூக்குச்சட்டி, கையில் பேப்பர், வேட்டி மடிப்புக் கலையாமல் உட்கார்ந்திருப்பார். சாரே ஏறிவிட்டார், வண்டி எடுத்துவிடுவார்கள் என்று ஒவ்வொருவராக ஏறுவார்கள். கடைசி ஆள் வந்ததும், “அடடா, கண்ணாடிய வச்சிட்டு வந்துட்டேனே” என்று சார் இறங்கிவிடுவார். தினமும் கண்ணாடியை மறக்கிற மனுஷன் தினமும் பேப்பரை எப்படிப் படிக்கிறார் என்று ஒருத்தியும் கேட்டதில்லை.

அதே வித்தையைத்தான் பந்தயத்திலும் காட்டியிருந்தார் ஆரோக்கியசெல்வம். சின்னமனூர்க்காரர்களிடம் போடி வருகிறது என்றார். போடிக்காரர்களிடம் வடுகபட்டி வருகிறது என்றார். வடுகபட்டியில் யாரையும் அவருக்குத் தெரியாது, அதனால் அங்கே ஒன்றும் சொல்லவில்லை.

“மகளுக்கு வாக்குக் குடுத்துட்டேன்ணே” என்றார் கடைசியில், தலையைக் குனிந்துகொண்டு.

அதுதான் உண்மை. அவர் மகள் சகாயராணி, போன வருஷம் பந்தயத்தில் அவருக்குப் பக்கத்துச் சீட்டில் இருந்தாள். கடைசி வளைவில், “அப்பா, கியரைக் குறைங்க” என்று கத்தினாள். அவர் குறைக்கவில்லை. ஜீப் ராக்கையாவின் வரப்பில் மூக்கைச் செருகிக்கொண்டு நின்றது. பார்த்துக்கொண்டிருந்த குமுளி அணித் தலைவர் வந்து, “மோளே, நீ ஓட்டியிருந்தா வண்டி வெளிய வந்திருக்கும். அடுத்த தடவை நீ ஓட்டு. நல்லா ஓட்டுனா எங்க டீமுக்கு வா” என்று சொல்லிவிட்டுப் போனார். அடுத்த பந்தயத்தில் ஸ்டியரிங் உனக்குத்தான் என்று அப்பனும் மாதா கோயில் வாசலில் வைத்துச் சத்தியம் செய்தார். அதற்கப்புறம் அந்தப் பெண்ணுக்குத் தூக்கமே சேற்றுக்குள்தான். அவளுக்கு வந்த இரண்டு மாப்பிள்ளைகளும் திரும்பிப் போனதற்கு அதுதான் காரணம் என்று ரோசம்மாள் சொல்வாள். ரோசம்மாள் பெற்ற தாய், சொல்ல உரிமை உண்டு. நாங்கள் அதை நாலு பேருக்கு எடுத்துச் சொன்னோம், அவ்வளவுதான்.

டீக்கடைச் சண்டைக்குச் சகாயராணியும் வந்து நின்றாள். அப்பனைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்து நாங்கள் கோலப்பொடியைக் கீழே வைத்துவிட்டோம். அவள் ராக்கையாவிடம் போனாள்.

“பெரியப்பா, எங்கப்பா சொன்னது பொய். நானே எல்லாத்தையும் கேட்டுட்டு வாரேன். ஞாயித்துக்கிழம வரைக்கும் வாழக்கன்ன எறக்காதீக.”

“ஏத்தா, கன்னுக்குச் சொல்லியாச்சு.”

“ஞாயித்துக்கிழம வரைக்கும்.”

ராக்கையா துண்டை உதறித் தோளில் போட்டார். சரி என்று அர்த்தம்.

அன்றைக்கே போன் போட்டுக் கேட்டாள். கம்பம் உறுதி. குமுளி உறுதி. சின்னமனூர்க்காரர்கள், போடி வருமா என்று கேட்டார்கள். “அது தெரியலண்ணே, நீங்க வாரீகளா?” என்று கேட்டாள்.  வருகிறோம் என்றார்கள். போடிதான் கைவிரித்துவிட்டது. டிரைவர் நிஜமாகவே பெண்டாட்டி ஊருக்குத் தாவிவிட்டான். எங்கள் ஊரையும் சேர்த்து நாலு.

மறுநாள் வடுகபட்டிக்குப் போனாள். பூண்டு மூட்டைகளுக்கு நடுவே விசாரித்ததில், ஜீப் பந்தயமா, விஜய்பாண்டியைப் பார் என்று கைகாட்டினார்கள். அவளுக்கே ஆச்சரியம். விஜய்பாண்டி, பூண்டு மண்டி வைத்திருக்கிற பையன். ஒரு பழைய ஜீப்பின் அடியிலிருந்து வெளியே வந்தான்.

“நீங்கதான் கே.கே.பட்டியா? உங்கப்பா பண்ணுன வேலைய பாத்தீகளா? போடியில இருந்து வாரவக எல்லாம், ‘என்னப்பா, பந்தயத்துல எறங்குறீகளாமே’ன்னு கேக்குறாக. இல்லன்னு சொன்னா, ‘பயந்துட்டாக’ங்கிறாக. மானப் பிரச்சனையாப் போச்சு. எங்க சித்தப்பா வண்டிய எடுத்தாந்துட்டேன்.”

“ஓட்டத் தெரியுமா?”

“மூட்டை ஏத்திட்டுச் சந்தைக்கு ஓட்டுவேன்.”

“சேத்துல?”

“மழைக்காலத்துல சந்தையே சேறுதான்.”

இதை அவள் வீட்டில் சொல்லிச் சிரித்தது சுவர் தாண்டிக் கேட்டது. கல்யாணம் முடிந்த மாதிரிதான் என்று அன்றே நாங்கள் முடிவு கட்டினோம். மதம் வேறு என்பது ஒரு சிக்கல், அதை எப்படிச் சமாளிப்பார்கள் என்றும் பேசி முடித்துவிட்டோம்.

ஆனாலும் அஞ்சு. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து சகாயராணி நேராக ராக்கையா வீட்டுக்குப் போனாள். பின்னால் ஆரோக்கியசெல்வம், அவருக்குப் பின்னால் சார், அவர்களுக்குப் பின்னால் கறிவேப்பிலை கேட்கப் போன நாங்கள்.

“அஞ்சுதான் பெரியப்பா” என்றாள். “ஆறுன்னு சொல்ல எனக்கு வாய் வரல.”

ராக்கையா நெற்றியைத் தேய்த்தார். அவர் நல்ல மனுஷன்தான், ஆனால் சொன்ன சொல்லை மாற்றினால் ஊர் என்ன சொல்லும் என்று பார்க்கிறவர். ஊர் என்பது வாசலில் கறிவேப்பிலைக்காக நின்றுகொண்டிருந்தது.

“ஆறுன்னேன். ஆறுதான்.”

உள்ளேயிருந்து முருகம்மாள் வந்தாள். ராக்கையாவின் பெண்டாட்டி. அந்த வீட்டில் அவள் பேசுவது குறைவு. பேசிவிட்டால் ராக்கையா பேசுவது குறைவு.

“நம்ம தோட்டத்துல தென்னமட்டைக்குக் கீழ ஒரு ஜீப்பு கெடக்கே, அது என்ன, சாமி செலையா?”

“அது திராட்சப் பெட்டி ஏத்துற வண்டி.”

“ஓடுமா ஓடாதா?”

“ஓடும்…”

“அப்ப அது ஆறாவது. எம்பேர்ல போடுங்க.”

“யாருடி ஓட்டுவா? நீயா?”

“நான் ஓட்டுறேன் பெரியம்மா” என்றாள் சகாயராணி.

ஆரோக்கியசெல்வத்தின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! “ஏத்தா, அப்ப நம்ம வண்டி?”

“நீங்க ஓட்டுங்கப்பா. எனக்கு ஸ்டியரிங்தான் வேணும், அது எந்த வண்டில இருந்தா என்ன?”

“ஒம்பக்கத்துல யாரு உக்காருவா?”

 ஞானசிகாமணி சார் தொண்டையைச் செருமினார். “உக்கார்றதுல எனக்கு அனுபவம் இருக்கு” என்றார்.

ராக்கையாதான் முதலில் சிரித்தார். வாழைக்கன்று பக்கத்து வயல்காரருக்குப் போனது.

சித்திரைக் கடைசி ஞாயிறு. ஆறு ஜீப்பும் வரிசையாக நின்றபோது, சகாயராணிக்குப் பக்கத்தில் சார் அதே மடிப்பு வேட்டியில், தூக்குச்சட்டி இல்லாமல், ஹெல்மெட்டோடு இருந்தார். ஏலத்தோட்டத்துப் பெண்கள் எல்லாரும் சேர்ந்து, “சார், கண்ணாடி!” என்று கத்தினார்கள். சார் இறங்கவில்லை. கொடி அசைந்தது. அவரை ஏற்றிக்கொண்டு ஒரு ஜீப் கிளம்பியதை எங்கள் ஊர் அன்றுதான் பார்த்தது.

விஜய்பாண்டியின் வண்டி முதல் சுற்றிலேயே இடுப்பளவு இறங்கிவிட்டது. பந்தயம் முடியும் வரை அங்கேயே நின்றது. ஆரோக்கியசெல்வம் போன வருஷம் செருகிய அதே வரப்பில், அதே இடத்தில், மறுபடி செருகினார். சகாயராணி அந்த வளைவுக்கு வந்தபோது, “கொற!” என்று சார் கத்தியது வகுப்பறையில் கத்துகிற மாதிரி கரைவரைக்கும் கேட்டது. அவள் கியரைக் குறைத்தாள். வண்டி ஒருமுறை உறுமி, பின்னால் சேற்றை வாரி இறைத்து, அப்பனைத் தாண்டி வெளியே வந்தது. சேறு முழுக்க அப்பன் மேல். அவர் சீட்டில் ஏறி நின்று கைதட்டிக்கொண்டிருந்தார்.

குமுளி முதலிடம். முருகம்மாள் அணி இரண்டாவது. குமுளித் தலைவர் வந்து, “எப்ப வர்ற மோளே?” என்று மட்டும் கேட்டார்.

ஆனி பிறந்ததும் அவள் குமுளிக்குப் போய்விட்டாள். வாரத்தில் எஸ்டேட் வண்டி, ஞாயிற்றுக்கிழமை பந்தய வண்டி. கல்யாணத்துக்கு இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. ரோசம்மாள் புலம்புவதை நிறுத்திவிட்டு, மகள் படம் பேப்பரில் வந்ததை நறுக்கி வைத்திருக்கிறாள். ஞானசிகாமணி சாரும் பின்னாலேயே அங்கே வீடு பார்த்துப் போய்விட்டார். அணிக்கு அவர் இல்லாமல் சரிப்படவில்லையாம். அவர்தான் சொன்னார்.

விஜய்பாண்டி விஷயத்தில் நாங்கள் பேசியது அடியோடு தப்பு. அன்றைக்கு முழுக்க வயலுக்கு நடுவே நின்ற வண்டியில் இருந்தவனுக்கு, மோர் கொண்டுபோய்க் கொடுத்தது ராக்கையாவின் மகள் ஓவியா. ஒரு செம்பு மோர் குடிக்க அத்தனை நேரம் ஆகும் என்று எங்களில் யாரும் யோசிக்கவில்லை. ஆவணியில் கல்யாணம். இப்போது அவள் வடுகபட்டியில் இருக்கிறாள். ஊருக்கு வரும்போதெல்லாம் தெருவுக்கே பூண்டு வருகிறது, அதனால் அந்தக் கல்யாணத்தைப் பற்றி நாங்கள் ஒன்றும் சொல்வதில்லை.

அடுத்த பந்தயத்துக்கு எட்டு அணி வருகிறது என்று ராக்கையாவே சொல்லிக்கொண்டு திரிகிறார். இதில் எத்தனை விரல் நிஜம் என்று தெரியவில்லை. விடியற்காலையில் ஆரோக்கியசெல்வத்தின் ஜீப் முன்சீட்டில், மடியில் தூக்குச்சட்டியோடு, இப்போது உட்கார்ந்திருப்பது ராக்கையாதான்.