பிறந்த வீட்டுச் சேலை

"நீரு கெளம்பும் வே. ஒத்தையில நான் பாத்துக்கிடுதேன்" என்றார் கொம்பையா.

அப்பாத்துரை அசையவில்லை. மாஞ்சோலையில் அவர் தங்கை சாலோமி அன்று காலை இறந்துபோயிருந்தாள். அண்ணன் கொண்டுவரும் பிறந்த வீட்டுச் சேலையைப் போர்த்திய பிறகுதான் பெட்டியை மூடுவார்கள். அடுத்த ஷிப்டுக்காரரான கொம்பையாவே சேலையைக் கடையில் வாங்கிக்கொண்டு, தன் முறைக்கு முன்னாலேயே வேலைக்கு வந்துவிட்டார். ஒரு மணி பஸ்ஸை விட்டால் அடக்கத்துக்குப் போய்ச் சேர முடியாது.

ஆனால் அம்பாசமுத்திரத்துக்கு வெளியே இருந்த அந்தத் துணைமின் நிலையத்தில், தொண்ணூற்று நாலு கோடை முழுக்க இதே தலைவலிதான். ஐம்பதில் நிற்க வேண்டிய கரண்டின் பிரீக்வன்சி, காலையிலிருந்து நாற்பத்தெட்டிலேயே கிடந்தது. நாலு மாநிலத்துக்கும் பின்னிக் கிடக்கிற கம்பி. எங்கோ ஓரிடத்தில் கரண்டை அதிகம் இழுத்தால் எல்லா ஊரிலும் முள் இறங்கும். மெட்ராஸிலிருந்து போன்மேல் போன்: ஒரு லைனை நிறுத்து, இன்னொன்றையும் நிறுத்து.

"பத்தமடை லைனையும் நிறுத்திட்டுப் போயிருதேன். ஒமக்கு ரெண்டு கை பத்தாது."

"எனக்கென்ன, ஆறுமுகனுக்குள்ள கையா வேணும்? மணியப் பாரும்."

சுவர்க் கடிகாரத்தில் பன்னிரண்டு நாற்பது. கைக்கடிகாரத்தை மகள் ரீபா பரீட்சைக்குக் கட்டிப்போயிருந்தாள். சைக்கிளில் பத்து நிமிஷம்தானே என்று சேலைப் பையோடு புறப்பட்டார்.

பஸ் நிலையத்தில் முறுக்கு விற்கிற பெண் சொன்னாள்: "மாஞ்சோல வண்டியா? இப்பந்தான் போச்சு அண்ணாச்சி. மணி ஒண்ணு அஞ்சு ஆச்சுல்லா."

அப்போதுதான் உறைத்தது. அந்தக் கடிகாரம் கரண்டில் ஓடுவது; பிரீக்வன்சி குறைந்தால் அதுவும் நொண்டும். அன்று காலை ஏழேகால் ரேடியோ செய்தி கேட்டு அதைத் திருத்தி வைத்தவர் அவர். நாற்பத்தெட்டு, நாற்பத்தெட்டு என்று மணிக்கு மணி நோட்டில் எழுதியவரும் அவர். கால் மணி பிந்தியிருக்கும் என்பது அவருக்குத் தெரியாததா?

வாடகை வண்டிக்காரர்கள் யாரும் மலையேற இசையவில்லை. வேலையிடத்துக்கே திரும்பி வந்தார். நாலரைக்குப் போன் வந்தது; சாலோமியின் புருஷன் ரிச்சர்ட்.

"மச்சான், பஸ் வந்துட்டு. நீங்க எறங்கலயே."

"தவற விட்டுட்டேன் மாப்ள."

"மழ இருட்டிக்கிட்டு வருது. குழியில தண்ணி எறங்கிரும். சர்ச் ஐயரு ஜெபத்துக்குக் காத்துக்கிட்டு நிக்காரு."

அப்பாத்துரை பையை மடியில் வைத்துக்கொண்டார்.

"அங்கன யாருட்டயாவது புதுச் சேல இருக்கா?"

"பக்கத்து வீட்டுல ஒண்ணு தாறேங்காங்க. பொறந்த வீட்டுச் சேலைன்னு அத எப்படிப் போத்த?"

"அண்ணன் குடுத்துவிட்டான்னு அவ காதுல சொல்லிட்டு மூடு."