இடது பெடல்

அன்று சைக்கிள் கடையின் பின்னறையில் இருந்தவர்கள் ஐந்து பேர். கடை முதலாளி, கைவைத்த நாற்காலி அவருக்கு மட்டும். பதினெட்டு வருடமாக அங்கே வேலை பார்க்கும் மெக்கானிக். அவர் நின்றார், உட்காரச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. தோளெலும்பு முறிந்து, இடக்கையைத் தூளியில் தொங்கவிட்டு, கன்னத்தில் ஏழு தையலோடு ஒருவர். அவருடைய மனைவி. மனைவியின் தம்பி, கடையில் எல்லோரும் அவனை ட்ரையல் என்றுதான் கூப்பிடுவார்கள். நடுவே பெஞ்சில் இடது பெடல் இல்லாத சைக்கிள் ஒன்று படுத்துக் கிடந்தது. மெக்கானிக்கை வேலையை விட்டு அனுப்புவதா வேண்டாமா என்று முடிவு செய்யத்தான் கூடியிருந்தார்கள். வாரவிடுமுறை நாள். கடையின் முன்பக்க ஷட்டரை ஏற்றவில்லை.

பெயருக்குக் காரணம் உண்டு. வாங்கக்கூடியவர் என்று தோன்றினால் ஒரு வாரம் ஓட்டிப் பார்க்க வண்டி தருவது அந்தக் கடையின் வழக்கம். இவன் ஒரு வருடமாக வாங்கக்கூடியவனாகவே இருந்தான். ஓட்டியது பதினொரு வண்டி, வாங்கியது சைபர். முதலில் கொழுத்த டயர் போட்ட மலைவண்டி. எருமை மேல் போகிற மாதிரி இருக்கிறது என்று திருப்பினான். அப்புறம் மடக்குகிற வண்டி. மடக்கினால் பெட்டி, விரித்தால் முக்காலி, சைக்கிள் எங்கே என்று கேட்டான். வெயில் காலத்தில் இரண்டு விரலால் தூக்கக்கூடிய பந்தய வண்டி. அதில் அணைக்கட்டு வரை போய்வந்து இரண்டு நாள் கூனிக்கொண்டு நடந்தான். மழைக்காலத்தில் பேட்டரி வண்டி. அது தன்னைக் குழந்தை மாதிரித் தள்ளிக்கொண்டு போகிறது என்று அதற்கும் ஒரு திட்டு. ஆனாலும் விடிந்தால் சாலையில்தான் இருப்பான். பம்ப் தொழிற்சாலையில் குறை கண்டுபிடிப்பதுதான் அவன் வேலை. விடுமுறையிலும் கை சும்மா இருக்கவில்லை.

முதலாளி அவனைப் பொறுத்துக்கொண்டது அன்பினால் அல்ல. வண்டியைத் திருப்பும்போது ஒரு அட்டையில் நாலு வரி எழுதி ஹேண்டில்பாரில் கட்டுவான். வருகிறவர்கள் கம்பெனி விளம்பரத்தை விட்டுவிட்டு அந்த அட்டையைத்தான் படித்தார்கள். அவன் 'பரவாயில்லை' என்று எழுதிய வண்டி மறுவாரம் கடையில் நிற்காது.

எந்த வண்டியை எடுத்தாலும் பெடல் மட்டும் அவனுடையது. ஷூவின் அடியைக் கவ்விப் பிடித்துக்கொள்ளும் வகை. கடைப் பெடலைக் கழற்றி அதை மாட்டுவதும், வண்டி திரும்பியதும் பழையபடி மாற்றுவதும் மெக்கானிக்கின் வேலை. வேறு யார் கையும் படக்கூடாது. இடது பெடலின் மரை எதிர்ப்பக்கமாகச் சுற்றும். லேசாகக் கோணலாக வைத்து ஸ்பேனரால் இறுக்கினால் நன்றாக இறுகிவிட்ட மாதிரியே இருக்கும். உள்ளே மரை அறுந்திருக்கும்.

பதினொன்றாவது வண்டிக்கு அவன் 'வாங்கலாம்' என்று எழுதினான். சனிக்கிழமை கடையில் கூட்டம் இருக்கும், காத்துக் கிடக்க வேண்டும் என்று வீட்டு மாடிப்படியிலேயே ஐந்து நிமிடத்தில் தன் பெடலைக் கழற்றி, கடைப் பெடலை மாட்டிக் கொண்டுவந்து விட்டான். அட்டையைப் படித்த அவன் மாமா, அதாவது அக்கா வீட்டுக்காரர், அன்று மாலையே வண்டியை எடுத்துப் போனார். ஞாயிற்றுக்கிழமை ஏற்றத்தில் எழுந்து நின்று மிதித்தபோது இடது பெடல் கழன்று விழுந்தது. பின்னாலேயே அவரும்.

ஆஸ்பத்திரியில் யாரும் கேட்காமலே ட்ரையல் சொன்னான்: "கடையில மெக்கானிக்தான் பெடல் மாத்தினாரு." அந்த ஒரு வரி நாலு நாளில் கெட்டிப்பட்டு, இப்போது மெக்கானிக்கின் கழுத்தில் வந்து நின்றது.

"வளவளன்னு பேச நேரமில்ல," என்றார் முதலாளி. "வண்டி வந்துச்சு, நீ பெடல் மாத்தின, இவர் விழுந்தாரு. வேற என்ன இருக்கு?"

"சனிக்கிழமை மத்தியானமே நான் லீவு. உங்ககிட்ட சொல்லிட்டுத்தான் போனேன். அதுவரைக்கும் அந்த வண்டி வரவேயில்ல. நான் பாக்காத வண்டியை இவருக்குக் குடுத்தது நீங்க."

"ரெடின்னு நெனச்சுக் குடுத்தேன்."

"நீங்க நெனச்சதுக்கு நான் பொறுப்பா?"

"வாய் நீளுது."

அக்கா ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்ப்பவள். ஊசி குத்தும் நிதானத்தோடு பேசினாள். "பதினெட்டு வருஷ அனுபவமாம். இவரு தலை தப்பினதே பெரிய விஷயம்."

"தலை இருந்ததாலதான் தையல் போட இடம் கெடச்சுது," என்றார் மாமா. யாரும் சிரிக்கவில்லை.

மெக்கானிக் ட்ரையலின் பக்கம் திரும்பினார். "சார், என் மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க. நானா மாத்தினேன்?"

ட்ரையல் பெஞ்சைப் பார்த்தான். "காலைலயே கொண்டுவந்தேன். நீங்கதான் மாத்தினீங்க."

"அப்ப சரி," என்று முதலாளி எழுந்தார். "இன்னியோட நிறுத்திக்கலாம். ஏப்ரனைக் கழட்டி வெச்சிடு."

மெக்கானிக் கழற்றவில்லை. தட்டில் கிடந்த பெடலை எடுத்து, அதன் முனையை விளக்கடியில் பிடித்தார். மரையெல்லாம் சவைத்துத் துப்பியது போல இருந்தது. "போறேன். போறதுக்கு முன்னாடி இதப் பாத்துக்கங்க. பெடலை மொத நாலு சுத்து விரலாலதான் சுத்தணும். தானா வழுக்கிக்கிட்டுப் போகும். அப்புறம்தான் ஸ்பேனர். இது எடுத்தவுடனே ஸ்பேனர் போட்டது. சைக்கிளப் பத்தி ஒண்ணுமே தெரியாத முட்டாள் செஞ்ச வேலை."

முட்டாள் என்பதை ட்ரையல் மென்று விழுங்கியிருப்பான். ஒண்ணுமே தெரியாத என்பது தொண்டையில் இறங்கவில்லை.

"விரலாலதான் சுத்துனது. ரெண்டாவது சுத்துலயே பிடிச்சுக்கிச்சு. பெடல் மாட்டுற அந்த கிராங்க்ல மரையே ஒழுங்கா வெட்டல. ஸ்பேனர் போடாம வேற என்ன பண்றதாம்?"

சொல்லி முடித்த பிறகுதான் அவன் காதிலேயே அது விழுந்தது. மூலையில் காற்றடிக்கும் மெஷின் தடதடத்து நின்றது.

"அவன் பொதுவாச் சொல்றான்," என்றாள் அக்கா.

"பொதுவா ரெண்டாவது சுத்துல பிடிச்சுக்குமா?" என்றார் மாமா.

"பம்ப் கம்பெனில இருக்கறவனுக்கு மரை தெரியாதா? நீங்க சும்மா இருங்க, தையல் பிரிஞ்சிடப் போவுது."

ட்ரையல் அக்காவைப் பார்த்தான். தெரிந்துகொண்டுதான் பூசி மெழுகுகிறாள். இதற்கு முன்னாலும் செய்திருக்கிறாள். சின்ன வயதில் அவன் பந்தடித்து உடைத்த டிவியை, தானாக விழுந்துவிட்டது என்று அப்பாவிடம் சொன்னவள். அந்த ஒரு டிவியைச் சொல்லிச் சொல்லியே இருபது வருடம் அவனை ஏவியிருக்கிறாள். வீடு மாற்றும்போது அலமாரி தூக்கியது அந்த டிவிக்காக. அவள் பிள்ளைகளை வாரம் மூன்று நாள் நீச்சலுக்குக் கூட்டிப் போனதும் அதற்காகத்தான். இப்போது அவள் கைக்குப் புருஷனின் தோளெலும்பு கிடைத்திருக்கிறது. டிவியே இருபது வருடம் ஓடியது. இது சாகும்வரை ஓடும்.

மெக்கானிக்கின் பதினெட்டு வருடத்தை அவன் நினைக்கவில்லை.

"விடுக்கா. நான்தான் மாத்தினேன். வீட்டுல, மாடிப்படில வெச்சு."

"அதான் நான் சொல்லிட்டேனேடா, மடையா," என்று அக்கா பல்லைக் கடித்தாள். மாமா அவளைத் திரும்பிப் பார்த்த பார்வையில், வீட்டுக்குப் போனதும் இன்னொரு விசாரணை இருக்கிறது என்பது தெரிந்தது. பிறகு அவனிடம் வந்தார்.

"நாலு நாளா பக்கத்துல உக்காந்து ஆரஞ்சு உரிச்சு ஊட்டினியே. அப்பகூடச் சொல்லத் தோணலையா?"

"தோணுச்சு மாமா."

"தோணிச்சாம். என் வீட்டுப் பக்கம் வந்துடாத. வந்தா இன்னொரு கை சும்மாத்தான் இருக்கு."

முதலாளி மறுபடி உட்கார்ந்துவிட்டார். சட்டையில் கறை பட்டவர் போல முகம். "சரி, ஏதோ தெரியாம நடந்துபோச்சு," என்று இழுத்தார். மெக்கானிக்கிடம், "நீ போய் வேலையப் பாரு," என்றார். அதற்கு மேல் ஒரு சொல் கிடையாது.

"பாக்கறேன். ஆனா இவர் இனிமே இந்தக் கடையில ஒரு வண்டி மேல கை வெச்சாலும் நான் நிக்க மாட்டேன். எதிர்க் கடைக்காரன் போன வருஷமே கூப்பிட்டான்."

முதலாளி கணக்குப் போடுவது முகத்தில் தெரிந்தது. இவன் அட்டையா, அவர் கையா. கொஞ்ச நேரம் பிடித்தது. கொஞ்சம் அதிகமாகவே பிடித்தது என்று மெக்கானிக்குக்குத் தோன்றியிருக்க வேண்டும். ஏப்ரனின் முடிச்சில் கை வைத்தார்.

"ட்ரையல், நீங்க கெளம்புங்க," என்றார் முதலாளி அவசரமாக. "இனிமே வரவேணாம்."

ட்ரையல் எழுந்தான். சும்மா போயிருக்கலாம். "மரை சரியா வெட்டலங்கறது உண்மைதான். கம்பெனிக்கு எழுதிக் கேளுங்க. நான் வேணா எழுதித் தர்றேன்."

"வாங்க சார்," என்றார் மெக்கானிக். முழங்கையைப் பிடிக்கவில்லை, ஆனால் பிடித்தது போல ஒட்டி நடந்தார். உதிரி டயர்களுக்கு நடுவே போய்ப் பின்கதவைத் திறந்தார். வெளியே குறுகிய சந்து, காலி அட்டைப்பெட்டிகள், மதிய வெயில்.

ட்ரையல் படியில் நின்றான். "உங்க மேல எனக்கு ஒண்ணும் கோபமில்ல," என்றான்.

மெக்கானிக் அவனை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை பார்த்தார்.

"எனக்கு இருக்கு," என்றார்.

அவன் இறங்கியதும் கதவு சாத்தப்பட்டது. உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது. பிறகு சாவி இரண்டு முறை திரும்பியது.