குமாரசாமிக்குக் காது கேட்ட வாரம்

குமாரசாமியின் இரண்டு காதும் போய் எட்டு வருஷம் ஆகிறது. காசநோய்க்கு மாதக்கணக்கில் போட்ட ஊசி நோயையும் கொண்டுபோனது, காதையும் கொண்டுபோனது. உயிர் தப்பியதே பெரிது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அவருக்கு அதுவும் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு பிள்ளையார்பாளையத்தில் அவருடைய தறி வீட்டுக்குத் தனி மவுசு வந்துவிட்டது. அவர் தறிப் பள்ளத்தில் காலை விட்டுக்கொண்டு நெய்வார். பக்கத்தில் மனைவி கலாவதி ஊடை நூலைக் குச்சியில் தார் சுற்றுவாள். எதிர்வீட்டுப் புவனேஸ்வரி தறிக்கு ஓரமாக வந்து உட்கார்ந்து தன் மாமியாரைப் பேச்சிலேயே உயிரோடு புதைத்துவிட்டுப் போவாள். குமாரசாமியின் தம்பி சிவபாலன், அண்ணன் காலத்துக்குப் பிறகு வீட்டை எப்படிப் பிரிப்பது என்பதை அண்ணன் முகத்துக்கு எதிரிலேயே நின்று பேசினான். யார் வாய் அசைந்தாலும் குமாரசாமி தலையை ஆட்டிவிடுவார். 'என்னா?' என்று திருப்பிக் கேட்டால் எரிந்து விழுகிறார்கள் என்பதை அவர் எப்போதோ தெரிந்துகொண்டிருந்தார்.

கலாவதி மட்டும் என்ன ஒழுங்கு? காது இருந்தபோது 'ஏங்க' என்று கூப்பிட்டவள், காது போனதும் 'யோவ்' என்று ஆரம்பித்தாள். காலையில் தொடங்கும் வசவு ராத்திரிப் பாய் போடும்வரை ஓடும். அவருக்குத் தெரியவேண்டிய சோறு, நூல், தண்ணீர் எல்லாவற்றுக்கும் கை ஜாடை போதும். படிக்கத் தெரிந்த மனுஷனுக்கு எதையாவது எழுதிக் காட்டலாமே என்று வீட்டில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

தோன்றாமல் இருந்ததும் நல்லதுக்குத்தான். மகள் கீர்த்தி ஒரகடத்துக் கம்பெனியில் கூட வேலை செய்யும் விமல்ராஜைக் கட்டிக்கொள்வதாக முடிவு செய்திருந்தாள். பையன் முசரவாக்கம், கிறிஸ்தவன். தாத்தா காலம்வரை ஊரார் வயலில் கூலிக்கு இறங்கிய குடும்பம். அப்பா கிறிஸ்டோபர் எலக்ட்ரீஷியன். குமாரசாமியோ, அந்த ஜனங்கள் வயரிங் வேலைக்கு வந்தால் வீட்டுச் சொம்பைக் கொடுக்காமல் கடையில் தண்ணீர் பாட்டில் வாங்கிக் கொடுக்கிற ஆள். அவரிடம் எப்படிச் சொல்வது, சொல்லாமலே ரிஜிஸ்டர் ஆபீஸுக்குப் போய்விட்டால் என்ன என்று தாயும் மகளும் ஒரு வருஷமாக யோசனை செய்தார்கள். அவ்வளவு யோசனையும் அவர் தறிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துதான்.

இந்த நிலையில்தான் அவருக்குத் தலை சுற்ற ஆரம்பித்தது. பாயில் புரண்டு படுத்தால் வீடே கிறுகிறுவென்று சுற்றியது. ஒருநாள் தறிக்குழியிலிருந்து எழுந்தவர், தறியில் இழுத்துக் கட்டிய பாவு நூலின் மேலேயே சாய்ந்தார். காது டாக்டர் பார்த்துவிட்டு, காதுக்குள்தான் உடம்பின் நிதானம் இருக்கிறது, அதை டெஸ்ட் பண்ண வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார்.

கலாவதிதான் அழைத்துப் போனாள். டெஸ்ட் எடுக்கிற பெண் அவருடைய கழுத்தில் ஒயரை ஒட்டி, காதில் ஹெட்போனை மாட்டி, படுத்தபடி தலையைத் தூக்கச் சொல்லி ஜாடை காட்டினாள். டக் டக்கென்று சத்தம் வைத்தாள். கலாவதிக்கே வெளியில் லேசாகக் கேட்டது. கம்ப்யூட்டரில் கோடு மேலும் கீழும் துள்ளியது.

"ரெண்டு காதும் சத்தத்துக்கு நல்லா ரெஸ்பான்ஸ் பண்ணுதுமா. ஒரு கொறையும் இல்ல," என்றாள் அந்தப் பெண்.

"இவருக்குக் காதே கேக்காதேமா?"

"மெஷின் சொல்றதுதாம்மா எனக்குத் தெரியும். டாக்டர் சனிக்கிழமை வருவாரு, கேட்டுக்கோங்க."

ஷேர் ஆட்டோவில் திரும்பும்போது கலாவதி எட்டு வருஷத்தில் தான் பேசியதையெல்லாம் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தாள். மனுஷன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு கல்லுப்பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருக்கிறார். இறங்கும்போது, "ஏங்க, பாத்து எறங்குங்க," என்றாள்.

மனசு தாங்காமல் புவனேஸ்வரியிடம் மட்டும் சொன்னாள். விளக்கு வைப்பதற்குள் தெருவுக்கே தெரிந்துவிட்டது. புவனேஸ்வரி ஒரு கிண்ணம் சுண்டலோடு வந்து, பேசியதை மனசில் வைத்துக்கொள்ள வேண்டாம் என்று கண் கலங்கினாள். குமாரசாமி தலையை ஆட்டிவிட்டுச் சுண்டலைச் சாப்பிட்டார். சிவபாலன் சட்டை போட்டுக்கொண்டு வந்து, கைகூப்பி நின்று நெடுநேரம் ஏதோ சொன்னான். அதற்கும் தலையாட்டல்தான். எட்டு வருஷம் எல்லாவற்றையும் கேட்டும் ஒரு வார்த்தை வெளியே விடாத மனுஷன் என்று டீக்கடையில் பேசிக்கொண்டார்கள். நெசவாளர் சங்கத்து ஆட்கள் வழியில் நிறுத்தி வணக்கம் வைத்தார்கள். காரணம் புரியாவிட்டாலும் குமாரசாமிக்கு அது பிடித்திருந்தது. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தார். தலைசுற்றலில் அது கொஞ்சம் கோணலாக இருந்தது.

கலாவதி ஒரு கணக்குப் போட்டாள். ஒரு வருஷமாகக் கீர்த்தியின் சங்கதியைக் கேட்டுக்கொண்டு அவர் கத்தவில்லை என்றால் என்ன அர்த்தம்? ஒருநாள் சாயங்காலம் அவர் முன்னால் உட்கார்ந்து, விமல்ராஜ், முசரவாக்கம், சர்ச் என்று எதையும் மறைக்காமல் சொன்னாள். கேட்கிற ஆளுக்குக் கத்த வேண்டியதில்லை என்று மெதுவாகவே சொன்னாள். குமாரசாமி தலையை ஆட்டினார். தார் தீர்ந்துவிட்டது, எடு என்று கையைக் காட்டினார்.

கீர்த்தி அன்றைக்கே விமல்ராஜுக்குப் போன் போட்டாள். ஞாயிற்றுக்கிழமை தட்டோடு வருவதாக அவர்கள் வீட்டில் சொன்னார்கள். குமாரசாமி எப்பவோ சம்மதித்துவிட்டாராம் என்று தெருவும் பேசியது. தகராறு செய்யக்கூடிய ஒரே ஆளான சிவபாலன், நாற்காலி நான் கொண்டுவருகிறேன் என்றான்.

சனிக்கிழமை டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்தார். நிதானம் நன்றாக இருக்கிறது, காதுக்குள் இருக்கும் சுண்ணாம்புத் தூள் இடம் மாறிவிட்டது, அவ்வளவுதான் என்றவர், குமாரசாமியைப் படுக்கவைத்துத் தலையை இப்படியும் அப்படியும் திருப்பி எழுப்பினார். சுற்றல் அடங்கியது.

"காது நல்லா இருக்குதுன்னு சொன்னாங்களே சார். அப்ப இத்தினி வருஷம் நடிச்சாரா?" என்றாள் கலாவதி.

டாக்டர் சிரித்தார். "காதுக்குள்ள கேக்கற எடம் ஒண்ணு, நிதானம் பாக்கற எடம் ஒண்ணும்மா. பலமா சத்தம் வச்சா நிதானம் பாக்கற எடமும் அசையும். கழுத்து அதுக்குப் பதில் சொல்லும். மெஷின் புடிச்சது அதைத்தான். கேக்கற எடம் செத்தது செத்ததுதான். இவருக்கு ஒண்ணுமே கேக்காது."

சத்தம் உள்ளே போகிற வழி அடைபட்டிருந்தால், நல்ல நிதானத்தைக்கூட மெஷின் இல்லை என்று சொல்லியிருக்கும் என்றும் அவர் விளக்கினார். பார்ப்பது ஒன்று, சொல்வது ஒன்று, மெஷினும் தெரு மாதிரிதான் என்று கலாவதி நினைத்துக்கொண்டாள். அப்புறம்தான் நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை என்பது உறைத்தது.

வீட்டுக்கு வந்ததும் கதவைச் சாத்தினாள். கீர்த்தி கம்பெனிக்குப் போயிருந்தாள். இந்தச் சமாச்சாரத்துக்கு அவர்களிடம் ஜாடை கிடையாது. சாக்பீஸை எடுத்துச் சிமென்ட் தரையில் எழுதினாள். கீர்த்தி, விமல்ராஜ், முசரவாக்கம், கிறிஸ்தவங்க, நாளைக்கு வராங்க.

குமாரசாமி குனிந்து படித்தார். முகம் கறுத்தது. "யாரைக் கேட்டுடி முடிவு பண்ணீங்க? என் வாசப்படிய மிதிக்க வுட்டுடுவனா?" செவிட்டு ஆளின் குரல், இன்னும் ஒரு வார்த்தை வந்திருந்தால் தெருக்கோடிவரை போயிருக்கும். கலாவதி அவர் வாயைப் பொத்தினாள். மறுபடியும் எழுதினாள். உங்களுக்குக் காது கேக்குதுன்னு தெருவே நம்புது. இதுக்கு நீங்க எப்பவோ சம்மதிச்சிட்டதா நம்புது.

"அதான் சிவபாலன் வந்து கும்புட்டானா?" குரல் இறங்கியிருந்தது.

ஆமாம் என்று கண்ணைக் காட்டினாள். இன்னும் ஒரு வரி எழுதினாள். மாட்டேன்னு சொன்னா, உங்களுக்கு ஒண்ணுமே கேக்காதுன்னு டாக்டர் சொன்னதை நானே தெருவுல சொல்லிடுவேன்.

குமாரசாமி அந்த வரியை இன்னொரு தரம் படித்தார். வெளியே யாரோ சைக்கிளை நிறுத்தி, ஜன்னல் வழியாக அவருக்கு ஒரு வணக்கம் வைத்துவிட்டுப் போனார்கள். பதில் வணக்கம் வைத்தார். எழுத்தைக் காலால் அவரே தேய்த்து அழித்தார்.

"எத்தினி பேரு வராங்க?" என்றார்.

மறுநாள் கிறிஸ்டோபர் தட்டோடு வந்து உள்ளே நுழையத் தயங்கி நின்றார். தெருவில் பாதி வாசலில் கூடியிருந்தது. குமாரசாமி ஜரிகை வேட்டியில் எழுந்து நின்று, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார். "உள்ள வாப்பா. எனக்கு எல்லாம் எப்பவோ தெரியும். இவங்களா வந்து சொல்லட்டும்னுதான் பேசாம இருந்தேன்."

கீர்த்தி பின்கட்டுக்கு ஓடிவந்து அம்மாவின் தோளில் சாய்ந்து அழுதாள். "அப்பாவ இத்தினி நாளா தப்பா நெனச்சிட்டேம்மா."

"நானுந்தாண்டி," என்று மகளின் முகத்தைத் துடைத்துவிட்டு, பால் பொங்குகிறதா என்று பார்க்கப் போனாள் கலாவதி.