நாக்கால் துப்பாக்கியைக் கண்டுபிடித்தது

இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. என் வீட்டுச் சுவரில் சாத்தியிருக்கும் எழுபத்தொன்பது பட்டாளத் துப்பாக்கிகள்மேல் சத்தியம். சந்தேகப்படுகிறவர்கள் என் மனைவி வெல்மாவைக் கேட்கலாம். என்னைப் பற்றி அவள் நல்லதாக ஒன்றும் சொல்லமாட்டாள். அதனால் அவள் சாட்சியை நம்பலாம்.

எங்கள் பென்சில்வேனியாப் பக்கத்தில் ஒவ்வொரு வசந்தத்திலும் துப்பாக்கிக் கண்காட்சி நடக்கும். தாத்தா விட்டுப்போன துப்பாக்கியைப் போர்வையில் சுற்றி எடுத்து வருவார்கள். எந்த நாடு, எந்த ஆலை, எந்த வருஷம் என்று சொல்வது என் வேலை. சம்பளம் கிடையாது, மடக்கு நாற்காலி ஒன்று உண்டு. என் பேச்சை மனிதர்கள் கேட்கும் ஒரே இடம் அதுதான் என்பதால், இருபத்தாறு வருஷமாக அதை விட்டு நான் எழுந்திருக்கவில்லை.

மற்றவர்கள் பூதக்கண்ணாடியால் முத்திரையைப் பார்ப்பார்கள். நான் குண்டை உள்ளே தள்ளும் இரும்புத் தண்டை, அதாவது போல்ட்டை, நக்கிப் பார்ப்பேன். ஒவ்வொரு பட்டாளத்தின் கிரீஸுக்கும் ஒரு ருசி. ஒருமுறை சுவிட்சர்லாந்துத் துப்பாக்கியை நக்கி, அந்த ஊர் மாட்டின் பெயரையே சொன்னேன்.

நாற்காலிமேல் கண் வைத்திருந்த டெல்பர்ட் கிரவுஸ், கண்காட்சி நடுவில் எல்லோரையும் கூட்டினான்.

“கண்ணக் கட்டிக்கிட்டு மூணு துப்பாக்கி சொல்லுடா ஆர்வில். ஒண்ணு தப்பினாலும் நாற்காலி எனக்கு.”

“நாலு வேணாலும் கொண்டா.”

முதலாவதில் கறுப்பு ரொட்டியும் வருத்தமும் ருசித்தன. “ரஷ்யா, தூலா ஆலை, முப்பத்தெட்டு” என்றேன். சரி. இரண்டாவதில் பிளம் பழச் சாராயம். “யூகோஸ்லாவியா மௌசர்.” அதுவும் சரி. மூன்றாவதில் யூகலிப்டஸ் இலை, கொஞ்சம் ஆட்டு ரோமம்.

“லீ-என்ஃபீல்டு. ஆஸ்திரேலியா. நாப்பத்திரண்டு.”

“அது சரி. வச்சிருந்த ஆள் எப்படிப்பட்டவன்? அதையும் சொல்லு. நீதான் எல்லாம் தெரிஞ்சவனாச்சே.”

துப்பாக்கியின் மரக்கட்டையைத் தடவினேன். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பட்டாள முத்திரைகளையெல்லாம் அழித்து, மேலே வார்னிஷ் வேறு. பழந்துப்பாக்கியின் மதிப்பே அந்த முத்திரைகள்தான்.

“முழு மடையன்” என்றேன். “சாப்பாட்டு மேசைமேல போட்டுத் தேய்ச்சிருக்கான். பொண்டாட்டி வேண்டாம்னு சொல்லியிருப்பா. கேட்டிருக்க மாட்டான். இவன் கையில உப்புத்தாளக் குடுத்தவனையும் சேத்து உதைக்கணும்.”

கண்கட்டை யாரோ அவிழ்த்தார்கள். எதிரே வெல்மா.

“அது உன்னோடதுதான். நான் வித்து அஞ்சு மாசமாச்சு” என்றாள். “அந்த இடத்துல தொடப்பத்தச் சாத்தி வச்சேன். ஞாயித்துக்கிழம தவறாம அதுக்கும் எண்ணெ போட்டுட்டிருக்க.”

டெல்பர்ட் நாற்காலியை மடக்கிக் கக்கத்தில் இடுக்கினான். “சொந்தத் துப்பாக்கியே தெரியல. நான் எடுத்துக்கிறேன்.”

“கீழ வை” என்றாள் வெல்மா. “ஆள் எப்படிப்பட்டவன்னுதானே கேட்ட? ஒரு வார்த்த தப்பாச் சொன்னானா? நாப்பத்தெட்டு வருஷமாக் கூடக் குடும்பம் நடத்துறவ சொல்றேன், அத்தனையும் சரி.”

கை தூக்கச் சொன்னார்கள். நான் முழு மடையன் என்பதற்கு ஆதரவாக நாற்பத்து மூன்று கைகள். எதிராக டெல்பர்ட்டின் கை ஒன்றுதான். என் வாழ்நாளில் அவன் ஒருவன்தான் எனக்காக அப்படிப் பரிந்து கை தூக்கியவன். நாற்காலி என்னிடமே இருக்கிறது.

1971-இல் வைக்கோல் பரணிலிருந்து தலைகுப்புற விழுந்தேன். அன்றிலிருந்து எனக்கு வாசனையும் தெரியாது, ருசியும் தெரியாது.