மூன்றாவது பிஸ்டன்

கரண்ட் ஆபீசில் லைன்மேனாக இருந்த துரைக்கண்ணுவின் வீட்டில் பகலெல்லாம் கரண்ட் இல்லை. அந்த வருஷம் ஊர் முழுக்கவே அப்படித்தான். செவிலிமேட்டில் பக்கத்து வீட்டுக் கைத்தறி மட்டும் யாரையும் கேட்காமல் ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டுக் கேட்டுத்தான் அவருக்கு யோசனை வந்தது. உலோகம் கடையும் தன் சின்ன லேத்திலிருந்து மோட்டாரைக் கழற்றிவிட்டு, பழைய தையல் மிஷினின் பெடலைப் பூட்டினார். மனைவி பெரியநாயகி முக்காலியில் உட்கார்ந்து மிதிப்பாள். அவர் நின்றபடி கைப்பிடியைத் திருகிக் கடைவார். இப்படியே ஒரு சாண் உயர நீராவி எஞ்சின் ஒன்று உருவாகி, பிஸ்டனுக்காக மட்டும் ஜன்னலோரம் காத்துக்கொண்டிருந்தது.

பிஸ்டன்தான் அமையவில்லை. இரண்டு செய்தார். இரண்டும் அளவுக்கு மேல் இளைத்துப்போய் சிலிண்டருக்குள் லொடலொடத்தன. அவ்வளவு இடைவெளி இருந்தால் நீராவி பக்கவாட்டில் ஓடிவிடும், எஞ்சின் அசையாது. "மிதி ஒரே சீரா இல்ல" என்றார் முதல் முறை. இரண்டாவது முறையும் அதையேதான் சொன்னார். பங்குனியிலிருந்து அவருடைய வலது கை நடுங்குவது இருவருக்குமே தெரியும். அவருக்குப் பெரியநாயகி காபியை அரை டம்ளருக்கு மேல் ஊற்றுவதில்லை. ஏன் என்று அவரும் கேட்டதில்லை.

அந்தத் தடிமனில் இனி ஒரே ஒரு பித்தளைத் துண்டுதான் மிச்சம். அதுவும் கெட்டால் லேத்தை விற்றுவிடுவது என்று மனத்துக்குள் முடிவு கட்டியிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை அந்தத் துண்டை மாட்டிக்கொண்டிருந்தபோது, எதிர்வீட்டு முனிசாமி குடமும் கையுமாக ஜன்னலில் எட்டிப் பார்த்தார்.

"இன்னாபா துரை, ஊருக்கெல்லாம் கரண்ட் குடுக்கற ஆளு, ஊட்டுல பொண்டாட்டி காலைப் புடிச்சிக்கினு இருக்கற?"

"அந்தக் காலுதான்பா ரெண்டு பிஸ்டனையும் கெடுத்துச்சி" என்று துரைக்கண்ணு சிரித்தார்.

பெரியநாயகி பெடலிலிருந்து காலை எடுத்துவிட்டாள். முனிசாமி அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, குழாயில் தண்ணீர் நின்றுவிடும் என்று முனகியபடி நழுவினார்.

அவள் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாள் என்று துரைக்கண்ணு நினைத்தார். அவள் எழுந்து, முக்காலியை அவர் பக்கம் காலால் நகர்த்தினாள்.

"நீங்க மிதிங்க. நான் திருகுறேன்."

"உனக்கு இதுல இன்னா தெரியும்?"

"இவ்ளோ நாளா எதிர்ல குந்திக்கினு நான் இன்னா பூவா கட்டிக்கினு இருந்தேன்?"

உட்கார்ந்தார். பெடலை அழுத்தினார். சக்கரம் பின்பக்கமாகச் சுழன்றது. நிறுத்தி மறுபடி அழுத்தினார். கொஞ்சம் முன்னால் போய், திணறி, மறுபடி பின்னாலேயே திரும்பியது. நேரம் தவறி அழுத்தினால் அப்படித் திரும்பும் என்பது அவருக்குத் தெரியும். காலுக்குத் தெரியவில்லை. அவள் மிதித்தபோது ஒருநாளும் அது திரும்பியதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

"சக்கரத்தைக் கையால ஒரு தள்ளு தள்ளிட்டு மிதிங்க. மெதுவா. நான் எங்க போறேன்."

கால் வழிக்கு வர நேரமாயிற்று. பிறகு கைப்பிடி வளையத்தின் அளவுக்கோட்டில் எத்தனை கோடு என்று அவர் சொன்னார், அவள் திருகினாள். பித்தளைத் தூள் அவள் முந்தானையில் விழுந்தது. சிலிண்டரை வைத்துப் பார்த்தாள், நுழையவில்லை.

"இன்னும் ரெண்டு கோடு" என்றார்.

"ஒண்ணு போதும்" என்றாள்.

கெண்டைக்கால் இழுத்துப் பிடித்தது. அவர் நிறுத்தவில்லை. அவள் நிறுத்தச் சொன்ன பிறகுதான் நிறுத்தினார்.

முனிசாமி நிறைகுடத்தோடு திரும்பி வந்தார். "இன்னாம்மா, காலு சரியாச்சா?"

"மிதிச்சது நானு. கடைஞ்சது அவ" என்றார் துரைக்கண்ணு. காலைத் தேய்த்துக்கொண்டார். "முன்ன கெட்டதுக்கும் காலு காரணம் இல்லபா. என் கைதான். நடுங்குது."

வாய்விட்டு அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை. முனிசாமி குடத்தை இறக்கி வைத்தார்.

பெரியநாயகி சிலிண்டருக்குள் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, அதை அவர் வலது கையில் கொடுத்தாள். "கீழ கட்டைவிரலை வெச்சி அடைச்சிக்குங்க."

அடைத்துக்கொண்டார். மேலிருந்து அவள் பிஸ்டனை விட்டாள். அது பாதிவரை இறங்கி, பக்கவாட்டில் ஓட இடமில்லாமல் அடியில் சிக்கிய காற்றின் மேல் நின்றது. அவர் கை நடுங்கியது. சிலிண்டரும் கூடவே நடுங்கியது. பிஸ்டன் இறங்கவில்லை.