கடலுக்கும் ஒரு பாடு

பச்சையப்பனுக்குக் கோபம் மூக்குமேல் உட்கார்ந்திருக்கும் என்பது பழவேற்காட்டு ஏரிக்கரையில் பச்சைப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். அன்றைக்குக் காலையில் அந்தக் கோபம் அவர் மேலேயே திரும்பியது. பாடு போடுகிற நாள். ஊர் மொத்தமும் கடற்கரை மணலில் கூடியாகிவிட்டது. இவரோ கொண்டுவர வேண்டிய சீட்டை மறந்துவிட்டு வெறுங்கையோடு வந்து நிற்கிறார். அவர் வீட்டுச் சீட்டை அல்ல, அது மடியில் பத்திரமாக இருந்தது. மறந்தது கடலுடைய சீட்டை.

பாடு என்றால் பெரிய வித்தை ஒன்றுமில்லை. ஏரியில் வலை கட்டுகிற இடங்களில் நல்லதும் உண்டு, நோஞ்சானும் உண்டு. கை ஓங்கினவன் நல்ல இடத்தை வளைத்துக்கொள்ளக் கூடாது அல்லவா? அதனால் வீட்டுக்கு ஒரு பொருளைச் சீட்டாக ஓலைக்கூடையில் போடுவார்கள். ஒருவர் ஈயக்குண்டு போடுவார், ஒருவர் பழைய சாவி, இன்னொருவர் சோடா மூடி. ஏரியில் பங்கில்லாத ஓர் ஆள் இடத்தின் பேரைச் சொல்லி, வானத்தைப் பார்த்துக்கொண்டே கையை விட்டு எடுப்பார். எவர் பொருள் வருகிறதோ அந்தப் பருவம் முழுக்க அந்த இடம் அவருக்கு. அப்புறம் அப்பன் வந்து கெஞ்சினாலும் மாறாது.

இந்த வருஷம்தான் கடலையும் ஒரு வீடாகச் சேர்த்திருந்தார்கள். எல்லாம் பச்சையப்பன் கிளப்பிவிட்டது. எறா என்கிற இறாலின் குஞ்சு கடலிலிருந்து முகத்துவாரம் வழியாகத்தான் ஏரிக்குள் வரவேண்டும். அந்த வாயிலேயே வலையைக் கட்டி வாரிக்கொண்டால் உள்ளே என்ன வளரும்? விதைநெல்லைக் குத்தித் தின்றுவிட்டு விளைச்சல் எங்கே என்று தேடுகிற பிழைப்பு இது என்று கூட்டத்துக்குக் கூட்டம் தொண்டை கிழியக் கத்தினார். ஒரு பருவமாவது முகத்துவாரத்தைச் சும்மா விடுங்களேன் என்றார். யார் விடுவார்கள்? இருப்பதிலேயே கொழுத்த இடம் அது. கடைசியில் அவர் மச்சான் குப்புராஜ்தான் ஒரு வழி சொன்னான். கடலும் நம்மைப்போலச் சீட்டுப் போடட்டும், அதுக்கு எந்த இடம் விழுகிறதோ அங்கே யாரும் வலை கட்ட வேண்டாம், முகத்துவாரமே விழுந்தால் அது கடலோட அதிர்ஷ்டம் என்றான். விழாது என்கிற தைரியம்தான் அவனுக்கு.

பச்சையப்பனுக்கு மட்டும் ஏன் இத்தனை துடிப்பு? எல்லாம் மகன் அன்புராஜால். கும்மிடிப்பூண்டியில் இரும்பு உருக்குகிற கம்பெனி ஒன்றில் உலைக்கு முன்னால் வெந்துகொண்டிருந்தான் பிள்ளை. ஏரியில் எறா திரும்பி வந்தால் நானும் திரும்பி வந்துடறேன் நைனா என்று சொல்லியிருந்தான். அந்த ஒரு பேச்சைப் பிடித்துக்கொண்டுதான் மனுஷன் ஊரோடு மல்லுக்கட்டினார்.

சரி, சீட்டுக்கு என்ன செய்வது? அலையோரம் ஓடினார். ஈர மணலில் கிடந்த சங்கு ஒன்றை வெடுக்கென்று பொறுக்கிக்கொண்டு வந்து கூடையில் போட்டார். உள்ளே எட்டிப் பார்க்கவில்லை. கடற்கரையிலேயே பிறந்து வளர்ந்த ஆள், சங்கைக் கையில் எடுத்தால் உள்ளே பார்க்க வேண்டாமா? அவசரம் யாரை விட்டது!

கூடைமேல் ஒரு துண்டைப் போட்டு மூடினார்கள். சண்டை சச்சரவு, டீ, வெற்றிலை எல்லாம் முடிந்து எறா வியாபாரி ஜப்பார் பாய் வந்து உட்கார நேரமாயிற்று. அவருக்கு ஏரியில் பங்கு கிடையாது, ஆகவே வருஷா வருஷம் அவர் கைதான். நோஞ்சான் இடத்தில் தொடங்கி மேலே மேலே போவது வழக்கம். சாவி வந்தது, மூடி வந்தது. பச்சையப்பனுடைய பித்தளை மோதிரம் சுமாரான இடத்துக்கு வந்தது, அவர் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. குப்புராஜின் ஈயக்குண்டும் வந்துவிட்டது. சங்கு மட்டும் வரவில்லை. எல்லா வீட்டுப் பொருளும் வெளியே வந்தாயிற்று. மிச்சம் முகத்துவாரம் ஒன்றுதான். கூடையில் மிச்சம் சங்கு ஒன்றுதான்!

ஜப்பார் பாய் கையை விட்டுத் துழாவினார். மறுபடி துழாவினார். கூடையைக் கவிழ்த்தே காட்டிவிட்டார். ஒன்றுமில்லை.

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை என்பார்களே, அது பச்சையப்பனுக்குத்தான் நடந்தது. கத்த வாயெடுத்தார். குப்புராஜ் முந்திக்கொண்டான்.

“போன வருஷம் மணவாளன் அண்ணன் சீட்டு கூடை ஓட்டையில நழுவிடுச்சு. பொருள் இல்லன்னா பாடு இல்லன்னு குதிச்சது யாரு மாமா? நீதான. இப்ப கடலுக்கு மட்டும் தனி நாயமா?”

தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டிருக்கிறார். முகத்துவாரத்துக்கு மறு சீட்டுப் போடலாம் என்று நாலைந்து பேர் அவரவர் பொருளைக் கையில் எடுத்தேவிட்டார்கள். அவர் மனைவி முத்தம்மா அவர் முகத்தைப் பார்க்க மாட்டாமல் தலையைக் குனிந்துகொண்டாள். மகனுக்கு என்ன சொல்வது என்பது ஒன்றுதான் அவர் மனசில் ஓடியது.

மறு சீட்டுக்குக் கூடையைத் தூக்கியவன் குப்புராஜ்தான். தூக்கினவன் அப்படியே நின்றான். கூடை இருந்த இடத்திலிருந்து மணலில் தையல் போட்ட மாதிரி ஒரு கோடு போயிருந்தது. ஜனங்களின் செருப்புகளுக்கு நடுவே வளைந்து வளைந்து தண்ணீர்ப் பக்கமாகப் போயிருந்தது. அவன் கோட்டைப் பிடித்துக்கொண்டு நடந்தான், ஊரே பின்னால் நடந்தது. அலை வந்து போகிற இடத்துக்குக் கொஞ்சம் இப்பால் அந்தச் சங்கு தானாக நகர்ந்துகொண்டிருந்தது. உள்ளே ஒரு நண்டு குடியிருந்திருக்கிறது! ஓலைப் பின்னலைப் பிடித்து ஏறி, துண்டுக்கு அடியில் புகுந்து, இத்தனை பேர் கண்ணிலும் மண்ணைத் தூவிவிட்டு இறங்கிப் போயிருக்கிறது.

குப்புராஜ் குனிந்து கையை நீட்டினான். நீட்டிய கையை உடனே இழுத்துக்கொண்டான். அடுத்தவர் சீட்டைத் தொட்டவனுக்கு அந்த வருஷம் பாடே கிடையாது, அதுவும் ஊர்க் கட்டுப்பாடுதான். கூடையை விட்டு வெளியே வந்த சீட்டைச் சொந்தக்காரர்தான் தன் கையால் வாங்க வேண்டும். எல்லாரும் பார்த்துக்கொண்டே நின்றார்கள். ஓர் அலை வந்தது, சங்கைச் சுருட்டிக்கொண்டு போயிற்று.

குப்புராஜ் தலையைச் சொறிந்தான்.

“ஆளே நேர்ல வந்து சீட்டை வாங்கிக்கினு போவுது மாமா. இனிமே நான் யார்கிட்ட போய் நாயம் கேக்கறது?”

முதலில் சிரித்தது ஜப்பார் பாய். அப்புறம் ஊரே சிரித்தது. மறு சீட்டுக்குப் பொருளை எடுத்தவர்கள் அதைச் சத்தமில்லாமல் மடியில் சொருகிக்கொண்டார்கள். பச்சையப்பன் ஈர மணலில் பொத்தென்று உட்கார்ந்துவிட்டார். வயிற்றில் பாலை வார்த்த மாதிரி இருந்தது. அத்தனை கோபக்கார மனுஷன், மேல்துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். ஒரு சங்கைப் பார்த்து எடுக்கத் தெரியலையே உனக்கு என்று முத்தம்மா அவர் முதுகில் ஒன்று வைத்தாள். வைத்த கையை எடுக்காமல் அங்கேயே வைத்துக்கொண்டாள்.

போன் அடித்தது. அன்புராஜ். பின்னால் மெஷின் சத்தம் காதைப் பிளந்தது. என்ன ஆச்சு நைனா என்று கேட்டான். பச்சையப்பன் எதிரே கட்டுவலை இல்லாமல் விரிந்து கிடந்த முகத்துவாரத்தைப் பார்த்தார்.

“தொறந்து கெடக்குதுடா,” என்றார். “மொதல்ல எறா வரட்டும். பின்னால நீ வா.”