மாவிலங்கத்தில் கட்டிய சிவப்பு நூல்

1

இந்தக் கதை ஒரு பூச்சாடியிலிருந்து வந்தது. ஈஸ்டர் அன்று பெரியநாயக்கன்பாளையத்து மாதா கோவில் பீடத்தில் மாவிலங்கப் பூக்களைப் பார்த்தேன். சில காம்புகளில் சிவப்பு நூல். கொள்ளை அழகு என்று ரசித்தேன். நூல் எதற்கென்று யோசிக்க யோசிக்க, ரசித்ததற்கே வெட்கமாகிவிட்டது. மீதியை நான் கட்டினேன்.

2

டெய்சி, அந்தக் கோவில் பங்கில் பீட அலங்காரம் பார்ப்பவள். அவள் கை பட்டால் காகிதப் பூவும்...

(வேண்டாம். தூக்கி வைத்துவிட்டுக் கீழே தள்ளுவது கதை எழுதும் எங்கள் ஆட்களின் பழைய வேலை.)

ஈஸ்டருக்கு முந்தின சனிக்கிழமை கோவில் வளாகத்து மாவிலங்க மரம் இலை தெரியாமல் பூத்திருந்தது. டெய்சி நூல் கட்டிய கிளைகளாகப் பார்த்து வெட்டினாள். யாரோ நேர்ந்து கட்டியதாக இருக்கும். மரத்தில் கிடந்து வாடுவதைவிட ஆண்டவர் பாதத்தில் சேரட்டும் என்று நினைத்தாள். பூசையில் ஃபாதர் பெயர் சொல்லிப் பாராட்டினார். அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

3

லின்சியும் அதே பங்குதான், டெய்சிக்குத் தங்கை மாதிரி; பீளமேட்டில் ஒரு கல்லூரியில் தாவரவியல் ஆசிரியை. மாவிலங்கம் இந்தப் பக்கம் அரிதாகிவிட்ட மரம். வருடா வருடம் பூக்கும், காய்க்காது. அவிநாசிப் பக்கம் நின்ற இன்னொரு மரத்திலிருந்து மகரந்தம் கொண்டுவந்து, ஏணி போட்டுப் பூப்பூவாகத் தடவி, அடையாளத்துக்கு நூல் கட்டியிருந்தாள். ஈஸ்டருக்கு ஊருக்குப் போய்த் திரும்பியவள் மரத்தடியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"ஆருங்க்கா இப்படி வெட்டிப்போட்டாங்க? இந்த வருசமாச்சும் காய் புடிச்சிருக்குமுங்க."

பக்கத்தில் நின்ற டெய்சி முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

"தெரியலியே கண்ணு."*

* முதலில் எழுதியபோது "நாந்தான்" என்றாள். நம்பும்படி இல்லை. பாராட்டின் சூடு இன்னும் ஆறவில்லை.

4

ஒரு முடிவு: உச்சிக் கிளையில், நூலோடு ஒரே ஒரு பூ தப்பியிருந்து காய்...

இன்னொன்று: வாடிய பூக்களை யாரோ அள்ளிக் குப்பையில்...

இரண்டையும் அடித்துவிட்டேன். இரண்டிலும் டெய்சி வாய் திறக்காமலே தப்பித்துவிடுகிறாள். எனக்கும் அதுதான் ஆசையாக இருந்தது, அதனால்தான் அடித்தேன்.

5

லின்சி எழுந்து கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பையிலிருந்த சிவப்பு நூல்கண்டை டெய்சி கையில் வைத்தாள்.

"அடுத்த வருசம் நீங்கதானுங்க்கா காவல். உங்களை உட்டா இங்க எனக்கு ஆரு இருக்கா? செரி, உள்ள போயி ஜெபம் பண்ணிப்போட்டு வாரேன்."

கோவில் கதவு திறந்திருக்கிறது. பூச்சாடி இன்னும் பீடத்தில்தான் இருக்கிறது. லின்சி படியில் செருப்பைக் கழற்றுகிறாள்.

டெய்சிக்கு நா எழவில்லை. எனக்கும்தான். நீங்களாவது லின்சியைக் கூப்பிடுவதென்றால் இப்போதே கூப்பிடுங்கள்.